மண்ணால் வரும் குடியுரிமை: அமெரிக்க நீதிமன்றங்களில் ஒரு நிபந்தனையின் வரலாறு

அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெறுமா என்பதை 1787இல் வரையப்பட்ட அரசியலமைப்பு வரையறுக்கவில்லை. ஒரு நாட்டில் பிறந்தவர் அந்நாட்டவரே என்ற இங்கிலாந்துப் பொதுச்சட்ட மரபே நடைமுறையில் நிலவியது. அம்மரபுக்கு அடிமைமுறை குறுக்கே நின்றது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதிய தீர்ப்பு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் விடுதலை பெற்றவராயினும் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்றது.

உள்நாட்டுப் போருக்குப்பின், 1868 ஜூலையில் நிறைவேறிய 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அத்தீர்ப்பைச் செல்லாததாக்கியது. அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்கள் என்பது அதன் சாரம். 1866இல் இது செனட் சபையில் விவாதிக்கப்பட்டபோது, சீனர்களின் குழந்தைகளுக்கும் இது பொருந்துமா என்று பென்சில்வேனியா உறுப்பினர் எட்கர் கோவன் கேட்டார். பொருந்தும், பொருந்தவும் வேண்டும் என்ற நிலையைக் கலிபோர்னியாவின் ஜான் கான்னஸ் எடுத்தார். பிறப்பு எங்கே நிகழ்ந்தது என்பதில் பெரும்பாலும் ஐயம் எழவில்லை. 'அதிகார வரம்புக்கு உட்பட்டவர்' யார் என்பதிலேயே பிற்கால வழக்குகள் எழுந்தன.

முதலில் அந்நிபந்தனை குறுகலாகப் பொருள்கொள்ளப்பட்டது. பழங்குடிக் குடியிருப்பில் பிறந்து ஒமாஹா நகரில் குடியேறிய ஜான் எல்க் வாக்காளராகப் பதிய மறுக்கப்பட்டார். பழங்குடி இனங்கள் தனி அரசியல் சமூகங்கள் என்பதால், அவற்றில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகனாகார் என்று 1884இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை வழங்க 1924இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

வோங் கிம் ஆர்க் வழக்கு திருப்புமுனையானது. 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1895இல் சீனாவிலிருந்து திரும்பியபோது, சீனர் விலக்குச் சட்டத்தின் பேரில் தடுக்கப்பட்டார். 1898 மார்ச் 28 அன்று 6–2 என்ற பெரும்பான்மையில் அவர் பிறப்பாலேயே குடிமகன் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதிய தீர்ப்பு, அயல்நாட்டுத் தூதர்களின் குழந்தைகள், ஆக்கிரமித்த பகைப்படையினரின் குழந்தைகள், பழங்குடி இனத்தவர் போன்ற சில விலக்குகளை மட்டுமே ஏற்றது. ஆயினும் வோங்கின் பெற்றோர் அமெரிக்காவில் நிலையாகக் குடியிருந்தவர்கள் என்பதையும் தீர்ப்பு குறித்தது. நிலையாகக் குடியிருப்போரின் குழந்தைகளுக்கே இவ்வுரிமை என்ற பிற்கால வாதத்துக்கு அக்குறிப்பே பிடியாயிற்று. 1952ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டமும் 14ஆவது திருத்தத்தின் சொற்களையே எடுத்தாண்டது.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டொனால்டு டிரம்ப் பிறப்பித்த ஆணை இந்நிலையை மாற்ற முனைந்தது. தாய் சட்டப்படியான அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ தங்கியிருந்து, தந்தை குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவராகவோ இல்லாதபோது, குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் எச்-1பி விசாக் குடும்பங்களும் இதன் வரம்பில் வந்தன. அவ்வரிசையில் இந்தியரே மிகுதி.

மூன்றே நாளில் சியாட்டில் கூட்டாட்சி நீதிபதி ஜான் கஃபனவர் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தார். மேரிலாந்து, மாசசூசெட்ஸ் நீதிமன்றங்களும் தடை விதித்தன. ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஆணை செல்லுமா என்பதைத் தொடாமல், வழக்காடாதவர்களுக்கும் பொருந்தும்படி நாடு முழுவதற்குமான தடை விதிக்கக் கீழ் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை என்று 6–3 என்ற பெரும்பான்மையில் கூறியது. குழு வழக்குக்கு அத்தீர்ப்பு தடையாக இல்லை. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோசப் லப்லான்ட், பாதிக்கப்படும் குழந்தைகளை ஒரு குழுவாக ஏற்று ஆணையை மீண்டும் தடுத்தார். அதே மாதம் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

2025 டிசம்பர் 5 அன்று நியூ ஹாம்ப்ஷயர் குழு வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. தடை உத்தரவின் எல்லை பற்றிய முந்தைய கேள்வியைப் போலன்றி, இம்முறை அதன்முன் வைக்கப்பட்டது ஆணை செல்லுமா என்ற மூலக் கேள்வியே.