கயானா: ஐந்து மாதம் எண்ணிய தேர்தல்



தென்னமெரிக்காவின் சின்ன நாடு கயானா. 2020 மார்ச் 2ஆம் திகதி அங்கே பொதுத்தேர்தல். தலைநகர் ஜோர்ஜ்டவுன் அடங்கிய நான்காம் பிராந்தியத்தில் அறிவித்த தொகையும், கட்சி முகவர்கள் கையிலிருந்த வாக்கெடுப்பு நிலையப் படிவப் பிரதிகளும் ஒத்துப்போகவில்லை.

கரிக்கொம் நாடுகளின் பார்வையாளர்கள் முன்னிலையில் முழு நாட்டு வாக்குகளும் மறுபடி எண்ணப்பட்டன. மக்கள் முற்போக்குக் கட்சி 15,416 வாக்குகளால் முன்னிலை. 65 ஆசனங்களில் 33. வழக்குகள் கரீபியன் நீதிமன்றம் வரை போயின. ஆகஸ்ட் 2ஆம் திகதிதான் இர்பான் அலி ஜனாதிபதியானார்.

முஸ்லிம் ஒருவர் ஜனாதிபதி என்று நாம் சந்தோஷப்படலாம். ஆனால் அவருக்கு வழி திறந்தது பெயரல்ல, கவனமாக எண்ணிய வாக்குகளும் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பிரதிகளும்தான். தேர்தல் கடமைக்குப் போகும் ஆசிரிய நண்பர்களே, ஒப்பமிட முன் ஒருதரம் கூட்டிப் பாருங்கள்.