வெள்ளைச் சேலையும் மேடையும்

இந்த மலருக்கெனப் பழைய மாணவிகள் தேடி அனுப்பிய படங்களிலே கரித்துண்டால் மீசை வரைந்த சிறுமிகள் பலர். பெண்கள் கல்லூரியில் அரசனும் நாமே, மந்திரியும் நாமே அல்லவா! அவர்களிடையே ஔவையார்களும் நிற்கிறார்கள்: வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பொல்லு. இந்த வேடத்தைப் பார்த்ததும் எங்களுக்கு நினைவில் வந்தவர் கே. பி. சுந்தராம்பாள்.

1908இல் கொடுமுடியில் பிறந்த அவர், இளவயதிலேயே இலங்கை வந்து நடித்தவர். எஸ். ஜி. கிட்டப்பாவை 1926இல் சந்தித்ததும் கொழும்பிலேதான். அக்கால நடிகையரின் படங்களில் சரிகைச் சேலை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, கண்ணாடிக்கல் நகைகள் எல்லாம் மின்னும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இவள் வள்ளி, இவள் அரசி என்று காட்டுவதே அவற்றின் வேலை.

1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. நகைகளைக் களைந்து வெள்ளைக் கதர் உடுத்தார். எந்த ஆணுடனும் சோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் 'பக்த நந்தனா'ரில் அவர் ஏற்றது ஆண் வேடம். அதற்குப் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபா.

எங்கள் அம்மம்மாமார் காலத்தில் வெள்ளைச் சேலைக்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாண வீட்டில் அவர்களுக்கு அடுப்படிதான் இடம். ஆலாத்தி எடுக்க யாரும் அழைக்கமாட்டார்கள். அதே வெள்ளையோடுதான் இந்த அம்மையார் மேடை நடுவே நின்று பாடினார். அதை ஊர் அவர்மேல் போர்த்தியதா, அவரே விரும்பி உடுத்தாரா? இரண்டும்தான் என்பது எங்கள் எண்ணம்.

1953இல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. இல்லறம் வேண்டாமென்று முதுமையை வரமாகக் கேட்டவள் ஔவை என்பது கதை. சுந்தராம்பாளுக்கோ அந்த வேடத்துக்கெனப் பெரிதாக உடை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கணவனை இழந்தவளின் வெள்ளை, அரசருக்கே புத்தி சொல்பவளின் வெள்ளையாயிற்று. 1965இல் 'திருவிளையாட'லிலும் அவரே ஔவை. அதற்குப் பிறகு வேறொரு ஔவையை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் படத்துச் சிறுமிகளுக்கு இதெல்லாம் தெரியாது. சேலை பெரும்பாலும் வீட்டிலிருந்த அம்மம்மாவினுடையது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் காலில் தடக்கும். பரிசளிப்பு விழாப் படமொன்றில், மேடையில் குட்டி ஔவை பொல்லை உயர்த்தி நிற்கிறாள். கீழே முன்வரிசையில், அதே போன்ற வெள்ளைச் சேலையுடன், ஒரு மூதாட்டி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.