வகுப்பறைக்கு வரவேண்டிய சிகிச்சை: சேரம்பாடியை முன்வைத்து

வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான சேவையை மேம்படுத்துவது என்றதும், சிகிச்சை மையங்களைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சே முதலில் எழுகிறது. சேரம்பாடியில் நின்று பார்த்தால் அந்த வாதம் வலுவிழக்கிறது. நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஊர் இது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் வேலை செய்யும் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களும் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளும் சூழ்ந்தது. மையம் உள்ள உதகைக்குக் கூடலூர் வழியே 80 கி.மீ.க்கு மேல். கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒருமுறை போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். வாரம் இருமுறை என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின்படி, 5 முதல் 11 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இக்குறைபாடு உண்டு. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். அறிவில் குறையில்லை, நான்கு கோட்டு நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டும், பென்சில் முனை ஒடியும், சட்டைப் பொத்தான் மாறிவிழும். பள்ளியில் ‘கவனமில்லாத பையன்’ என்று பெயர் வாங்குவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் வளர்ச்சித் தாமதத்தையும் பரிசோதிக்கிறது. ஆனால் உரிய வயதில் நடந்த குழந்தை சல்லடையில் எளிதில் தப்பிவிடும்.

2019இல் திருத்தப்பட்ட சர்வதேசப் பரிந்துரைகள், குழந்தை தடுமாறும் அதே வேலையைப் பழக்கும் முறைகளுக்கே முன்னுரிமை தருகின்றன. கனடாவில் உருவான ஒரு முறையில் குழந்தையே இலக்கு வைத்து, திட்டமிட்டு, செய்து, சரிபார்க்கிறது. பொத்தானை மேலிருந்து போட்டுத் தோற்கும் குழந்தை, கீழிருந்து தொடங்கினால் துளை கண்ணுக்குத் தெரிகிறது என்று தானே கண்டுகொள்ளும். இதற்குக் கருவியும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். வழிகாட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒன்டாரியோவில் சிகிச்சையாளரே பள்ளிக்குப் போய், வகுப்பு நடக்கும்போதே ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு உருவானது.

நம்மிடமும் முன்னுதாரணம் இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக ஆரம்பநிலைச் சிகிச்சையைக் கொண்டுபோகிறது. சிறப்பு நிபுணர் தொலைவிலிருந்து செயலி வழியே வழிநடத்துகிறார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்களும் உண்டு. அவர்கள் பார்வை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஊனத்தின் மேலேயே நிற்பதுதான் சிக்கல் என்பது என் கணிப்பு.

சட்டமும் அரைகுறையாகவே உதவுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டை டிஸ்பிராக்சியா என்று பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பின் கீழ், மொழியைக் கையாள்வதில் உள்ள குறையின் ஒரு வகையாக. சரளமாக வாசித்துவிட்டு, தேர்வில் எழுதி முடிக்க முடியாமல் நிற்கும் குழந்தை இந்த வரையறைக்குள் எப்படி வரும்? மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லையென்றால் தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்காது.

எனவே உதகையில் இன்னொரு அறை கட்டுவதற்கு முன், கூடலூர் ஒன்றியத்துக்கு ஒரு செயல்முறை சிகிச்சையாளரை நியமித்து, அவர் சேரம்பாடிப் பள்ளிகளுக்கு மாதம் இருமுறை வர முறை வகுக்க வேண்டும். சான்றிதழுக்குக் காத்திருக்காமல், ஆசிரியர் சொன்ன பெயரை வைத்தே அவர் வேலையைத் தொடங்க அனுமதியும் வேண்டும்.