டார்ஜானும் ஜேனும்: காட்டுக்குள் நுழைந்த சென்சார்

டார்ஜான் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? விழுதைப் பிடித்துத் தாவுவது, காடே அதிரும் அந்தக் கத்தல், கூடவே ஒரு குரங்கு. சின்னப் பசங்க சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் இது பெரியவர்களுக்கான சூடான காதல் கதை!

எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய முதல் கதை 1912-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. 1914-ல் புத்தகமானது. ஆப்பிரிக்கக் காட்டில் பெற்றோரை இழந்த ஓர் ஆங்கிலப் பிரபுவின் குழந்தையைக் குரங்குகள் வளர்க்கின்றன. அப்பா விட்டுப்போன குடிசையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்தே ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொள்கிறான். ஆனால் அவன் முதலில் பேசக் கற்ற மனித மொழி பிரெஞ்சு! ஜேனை உயிராய்க் காதலித்தும், நாவலின் முடிவில் அவளை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். கல்யாணம் அடுத்த பாகத்தில்தான்.

சினிமாக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? 1932-ல் எம்.ஜி.எம். எடுத்த படத்தில் ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர் டார்ஜான், மாரீன் ஓ'சல்லிவன் ஜேன். நகரத்துப் பெண்ணான ஜேன், தானே விரும்பிக் காட்டில் தங்கிவிடுகிறாள். மோதிரமும் இல்லை, பாதிரியாரும் இல்லை! 1934-ல் வந்த இரண்டாம் படத்தில் இருவரும் தண்ணீருக்கடியில் நீந்தும் காட்சியில் ஜேனுக்கு உடையே கிடையாது. நீந்தியது ஓ'சல்லிவன் அல்ல, ஜோசபின் மெக்கிம் என்ற ஒலிம்பிக் வீராங்கனை.

இங்கேதான் சிக்கல். ஹாலிவுட் தனக்குத் தானே 1930-லேயே ஒழுக்க விதிகள் எழுதி வைத்திருந்தது. அதுவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934-ல் பிடி இறுகியது. நீச்சல் காட்சியை வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது மறுபடி படத்தில் சேர்ந்தது.

அடுத்த படம் 1936-ல் வந்தது. அதில் ஜேனின் சின்ன உடை, உடம்பை மூடும் கவுனாக மாறியிருந்தது. 1939-ல் அவர்களுக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. கல்யாணம் ஆகாதவர்களுக்குக் குழந்தை பிறக்கலாமா? அதனால் விமான விபத்தில் தப்பிய குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை மாற்றத்திலும் டார்ஜானின் கோவணம் கோவணமாகவே இருந்தது. ஒழுக்கத்துக்காகக் கவுனாக நீண்டது ஜேனின் உடைதான். ஊரை வேண்டாம் என்று உதறிவிட்டு, தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்து வந்தவள் அவள். கடைசியில் ஊர்க் கட்டுப்பாடு காட்டுக்கும் வந்து சேர்ந்தபோது, அது தேடிப் பிடித்ததும் அவளைத்தான்.

இனி டார்ஜான் படம் பார்க்க நேர்ந்தால், கொஞ்சம் ஜேனையும் கவனியுங்கள் நண்பர்களே!