சர்க்கரையைத் துறந்த ஷாம்பெயின்

ஷாம்பெயின் பாட்டில் ஒன்று கண்ணில் பட்டால், கார்க் எவ்வளவு தூரம் பறக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால் லேபிளைப் பாருங்கள். 'ப்ரூட்' என்று ஒரு வார்த்தை இருக்கும். பெரும்பாலான பாட்டில்களில் இருக்கும். லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகத்தான் சர்க்கரை என்று அதற்கு அர்த்தம். முழு பாட்டிலுக்கும் சேர்த்து இரண்டு டீஸ்பூன் தேறினால் அதிகம்.

இது ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று நினைத்தால், ம்ஹூம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவுக்குப் போன ஷாம்பெயினில் லிட்டருக்கு 300 கிராம் வரை சர்க்கரை இருந்தது. ஒயின் அல்ல, கிட்டத்தட்ட குலாப் ஜாமூன் ஜீரா! பிரெஞ்சுக்காரர்களே 165 கிராம் வாக்கில் குடித்தார்கள். விருந்து முடிந்து, இனிப்பு பரிமாறும்போதுதான் ஷாம்பெயின் மேஜைக்கு வரும்.

ஊருக்கு ஊர் எப்படி இனிப்பை மாற்ற முடிந்தது? தயாரிப்பு முறை அப்படி. ஷாம்பெயின் இரண்டு முறை நொதிக்கிற சரக்கு. முதலில் தொட்டியிலோ பீப்பாயிலோ. பிறகு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்து, பாதாள அறையில் படுக்க வைத்துவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டு வாயுவைக் கக்கும். வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரையும். குமிழ் ரகசியம் அதுதான். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து, வண்டலாகத் தங்கிவிடும். மூடியைத் திறந்து வண்டலை வெளியேற்றும்போது கொஞ்சம் ஒயினும் போய்விடும் அல்லவா? அதை ஈடுகட்ட, சர்க்கரை கரைத்த ஒயினை ஊற்றி கார்க் அடிப்பார்கள். எவ்வளவு இனிப்பு என்பது முடிவாவது அந்தக் கடைசி நிமிடத்தில்தான்.

இனிப்பு ஷாம்பெயினின் மகாராணி என்றால் அது பார்ப்-நிகோல் கிளிக்கோ. 1805-ல், 27 வயதில் கணவரை இழந்தவர். 'வ்யூவ் கிளிக்கோ' என்ற பெயருக்கே 'விதவை கிளிக்கோ' என்றுதான் பொருள். 1814-ல் நெப்போலியன் வீழ்ந்த கையோடு, போட்டியாளர்கள் விழித்துக்கொள்வதற்குள் 10,550 பாட்டில்களை ரஷ்யாவுக்குக் கப்பல் ஏற்றியவர். ரஷ்யப் பிரபுக்களின் நாக்கு கேட்ட இனிப்பை அள்ளிக் கொட்டினார். கல்லாவும் நிறைந்தது.

அதே ரெய்ம்ஸ் நகரத்தில் பின்னால் வந்தவர் இன்னொரு விதவை. லூயிஸ் பொம்மெரி அம்மணி. நாற்பது வயதை ஒட்டிக் கணவரை இழந்தபோது கம்பெனிக்குக் கம்பளி வியாபாரமும் இருந்தது. அதை ஏறக்கட்டிவிட்டு முழுமூச்சாக ஷாம்பெயினில் இறங்கினார். அவர் பார்வை போனது மாஸ்கோவுக்கு அல்ல, லண்டனுக்கு.

ஏன்? விருந்து முடிந்ததும் குடிக்க இங்கிலாந்துக்காரர்களிடம் போர்ட், மதெய்ரா என்று இனிப்பான ஒயின்கள் ஏற்கெனவே இருந்தன. அந்த வரிசையில் போய் நின்றால் நூறோடு நூற்று ஒன்று. சாப்பாட்டின் ஆரம்பத்திலிருந்தே குடிக்கிற மாதிரி ஒரு குமிழ் ஒயின் வந்தால்? மைதானம் காலி.

ஆனால் இதை முயன்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1848-ல் பர்ன்ஸ் என்ற லண்டன் வியாபாரி, பெரியே-ஜூயே நிறுவனத்தின் 1846-ம் வருஷ ஷாம்பெயினைச் சர்க்கரை சேர்க்காமல் வரவழைத்து, ராணுவ கிளப் ஒன்றுக்கு அனுப்பினாராம். வாயில் வைத்தவர்கள் முகம் சுளித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிறது ஒயின் உலகக் கதை.

பிரச்னை நாக்கில் மட்டும் இல்லை. ஷாம்பெயின் பிரதேசம் குளிர் பூமி. திராட்சை சுலபத்தில் பழுக்காது. புளிக்கும். அந்தப் புளிப்பையும், அவசரமாகத் தயாரித்த ஒயினின் குறைகளையும் சர்க்கரை மூடி மறைத்தது. சர்க்கரையை எடுத்துவிட்டால் சாயம் வெளுத்துவிடும். நன்றாகப் பழுத்த திராட்சை வேண்டும். அதற்குக் காத்திருந்தால் மழையும் அழுகலும் முந்திக்கொள்ளலாம். அடைத்த பாட்டிலையும் வருஷக்கணக்கில் படுக்கப்போட வேண்டும். வியாபாரிக்குப் புரியும் பாஷையில் சொன்னால், போட்ட முதல் மொத்தமும் பூமிக்கடியில் தூங்கும். வட்டி மட்டும் விழித்திருக்கும்.

பொம்மெரி துணிந்தார். ரெய்ம்ஸ் நகருக்கு அடியில் ரோமானியர் காலத்துச் சுண்ணாம்புக் கல் குழிகள் இருந்தன. சுமார் 120 குழிகளைச் சுரங்கங்களால் இணைத்து, 18 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடங்கு அமைத்தார். 30 மீட்டர் ஆழம். கோடையோ குளிரோ, வெப்பம் 10 டிகிரியைத் தாண்டி அதிகம் அசையாது. மேலே கட்டிய கட்டடங்கள்? இங்கிலாந்து மாளிகைகளின் பாணியில்! வாடிக்கையாளர் யார் என்பதில் அம்மணிக்குச் சந்தேகமே இல்லை.

1874-ம் வருஷ அறுவடை அருமையாக அமைந்தது. அதிலிருந்து வந்த 'பொம்மெரி நேச்சர்'தான் சந்தையில் பெயர் வாங்கிய முதல் ப்ரூட். லண்டன் கொண்டாடியது. மற்ற கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தன. 1889-ல் மியே வரைந்த, கதிர் பொறுக்கும் பெண்களின் புகழ்பெற்ற ஓவியத்தை பொம்மெரி வாங்கினார். அடுத்த வருஷம் அவர் இறந்தபோது அது பிரான்ஸ் நாட்டுக்குச் சேர்ந்தது.

அந்தச் சண்டையின் தழும்பு லேபிளில் இன்னமும் இருக்கிறது. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று போட்டிருந்தால் அது ப்ரூட்டைவிட இனிப்பு: 12 முதல் 17 கிராம். 'செக்' என்றால் பிரெஞ்சில் உலர்ந்தது என்று அர்த்தம், சர்க்கரையோ 32 கிராம் வரை! எல்லோரும் 150 கிராம் குடித்த காலத்தில் வைத்த பெயர்கள். அன்றைக்கு 20 கிராம் என்பதே பத்தியச் சாப்பாடு.

சரி, இதை எதோடு சாப்பிடுவது? வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறோம் இல்லையா? அந்த வேலையை ப்ரூட்டின் புளிப்பு செய்கிறது. குமிழ்கள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுகின்றன. எனவே உப்பும் கொழுப்பும் உள்ள எல்லாம் இதற்கு உறவு. பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிப்பி. பழைய பாலாடைக்கட்டி, பொரித்த கோழி, ஏன், சாதாரண உருளைக்கிழங்கு சிப்ஸ்கூட ஜோராகப் பொருந்தும். ஐஸ் மாதிரி குளிர வைத்தால் வாசனை செத்துவிடும். 8 முதல் 10 டிகிரி போதும். முதல் வாய்க்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். நன்கு முதிர்ந்த பாட்டிலாக இருந்தால் வாட்டிய ரொட்டி வாசம் அடிக்கும். செத்த ஈஸ்ட்டோடு வருஷக்கணக்கில் கிடந்ததால் வந்த வாசம் அது. பொம்மெரியின் முதல் தூங்கியது வீண்போகவில்லை.

பொருந்தாதது எது தெரியுமா? கேக்! கல்யாணம், பிறந்த நாள் என்று உலகம் முழுக்கச் செய்யும் தப்பு அது. ஜாங்கிரி தின்ற வாய்க்குக் காபி கசப்பதைப்போல, கேக் தின்ற வாய்க்கு ப்ரூட் வெறும் புளிப்பாகத் தெரியும். அந்த இடத்துக்கு, 32 முதல் 50 கிராம் இனிப்புள்ள 'டெமி செக்'தான் சரி. ப்ரூட்தான் கிடைத்ததா? முதலில் அதைச் சிப்ஸோடு முடித்துவிட்டு, அப்புறம் மெழுகுவத்தியை ஊதுங்கள்.