படத்தில் விழாத கைகள்

பழந்தமிழில் வண்ணமகள் என்று ஒரு சொல் உண்டு. அரசமகளிரையும் ஆடல்மகளிரையும் நீராட்டி, கூந்தல் புனைந்து, ஆடை திருத்தி, அணி பூட்டிக் கோலஞ்செய்பவள் வண்ணமகள் எனப்பட்டாள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்த அணிகலன்களை அடிமுதல் முடிவரை ஒவ்வொன்றாக இளங்கோவடிகள் எடுத்துரைக்கிறார். அத்தனை அணிகளையும் ஒருத்தி தன் கையால் தானே பூட்டிக்கொள்ளல் அரிது. பூட்டியவர் யாரோ ஒருவர் அருகில் இருந்திருத்தல் வேண்டும். மாதவியின் பெயர் ஈராயிரம் ஆண்டுப் புகழ் பெற்றது. அவளுக்குக் கோலஞ்செய்தவளின் பெயரை எவரும் கேட்டதில்லை.

இக்காலத்தில் அதே தொழில் வேறொரு பெயருடன் வாழ்கிறது. விளம்பரத்திற்கும் சஞ்சிகைகளுக்கும் படம் எடுக்கும் இடங்களில், ஆடைகளைத் தெரிந்தெடுத்து அணிவிப்பவரை ஸ்டைலிஸ்ட் என்கின்றனர். அவருக்குக் கீழே உதவியாளர் ஒருவர் இருப்பார். இந்த உதவியாளரின் தொழில் புதுமையானது என்று எண்ணுவோர் பலர். உண்மையில், நிழற்படக் கருவி இலங்கைக்கு வந்த நாள்முதல் இத்தொழிலும் இங்கு இருந்து வருகிறது. மாத்தளை மாவட்டத்து வரலாற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் பெருவழியில், அலுவிகாரையைக் கடந்து சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வரும். மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் செழிக்கும் பகுதி அது. இன்று கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் வீதி அவ்வழியே செல்கிறது. 19ஆம் நூற்றாண்டிலே, தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் மிகின்தலை, தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். அவர்களில் பலர் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். உயிரோடு வந்து சேர்ந்தோரிடம் உடுத்த துணியும், பெண்களின் காதிலும் மூக்கிலும் கிடந்த சிறு பொன்னுமே செல்வமாக இருந்தன. மலைநாட்டுத் தமிழரை முதன்முதலில் படம் பிடித்தோர், இம்மக்களையோ இவர்களின் சந்ததியாரையோ கருவியின் முன் நிறுத்தினர்.

அக்காலத்துப் படக்கலையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். 1851இல் இங்கிலாந்தில் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகெங்கும் வழங்கியது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். வெப்ப நாட்டில் அதற்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. படத்திற்கு நிற்பவர் பல வினாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். தலை ஆடாதிருக்க, பின்புறத்தே இரும்புத் தாங்கி ஒன்று கழுத்தைப் பிடித்திருக்கும். அந்தத் தாங்கியின் கால் படத்தில் தெரியாதபடி சேலைத் தலைப்பையோ திரையையோ இழுத்து மறைப்பது ஒருவருடைய வேலையாகும்.

இன்னுமொரு சங்கடமும் உண்டு. அந்தத் தகடு நீலத்தை வெள்ளையாகக் கண்டது. சிவப்பையும் மஞ்சளையும் கறுப்பாகக் கண்டது. முகூர்த்தச் சிவப்புச் சேலை படத்தில் துக்க உடைபோல் இருண்டது. மஞ்சள் பூசிய முகம் இயல்பைவிடக் கறுத்தது. பொன் நகை, ஒளி பட்டு மின்னிய இடந்தவிர ஏனைய இடங்களில் மங்கிற்று. ஆகவே இன்ன நிறம் உடுக்கலாம், இன்ன நிறம் ஆகாது என்று சொல்லும் அறிவு தேவைப்பட்டது. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதுவரை, உடுத்தி விடுபவரின் அனுபவமே கருவியின் குறையை ஈடுசெய்தது. பழைய படத்தில் பாட்டியார் ஏன் கறுப்புச் சேலை உடுத்தார் என்று வியப்போர், அது குங்குமச் சிவப்பாக இருந்திருக்கக் கூடும் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

இலங்கையில் உடையலங்காரத்தோடு கூடிய படப்பிடிப்பின் மிகத் தெளிவான சான்று களுத்துறையிலிருந்து கிடைக்கிறது. புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் அம்மையார் 1875இல் தம் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறினார். கணவர் சார்ள்ஸ் ஹே கெமரன், கோல்புறூக்–கெமரன் ஆணைக்குழுவின் உறுப்பினராக 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆட்சிச் சீர்திருத்தத்திற்கு வழிவகுத்தவர். அம்மையார் இங்கிலாந்தில் இருந்தபோது தம் வீட்டுப் பணிப்பெண்களுக்கே போர்வைகளைப் போர்த்தி, கன்னி மரியாளாகவும் காவிய மாந்தராகவும் நிறுத்திப் படம் எடுத்தவர். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் மரியாளாக நின்ற படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. காலையில் வீட்டு வேலை செய்தவள் பகலில் தேவ அன்னையாய் நின்றாள். ஒரு போர்வையும் அதை மடித்துவிட்ட கையுமே அந்த மாற்றத்தைச் செய்தன.

1877ஆம் ஆண்டளவில் தாவர ஓவியர் மரியன் நோர்த் அம்மையார் களுத்துறையில் கெமரன் இல்லத்தில் தங்கினார். தமக்கு நேர்ந்ததை அவர் தம் நினைவு நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். கெமரன் அவருக்குக் கஷ்மீரக் கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாய்ப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, உச்சி வெயிலில் தென்னோலைகள் தலையைக் குத்தும்படி நிற்கச்செய்து, இயல்பாக இருக்குமாறு பணித்தாராம். பச்சைச் சால்வை ஒன்றை நோர்த் அழகென்று புகழ்ந்தபோது, கெமரன் கத்தரிக்கோலை எடுத்து அதை மூலைக்கு மூலை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்துவிட்டாராம். ஒருவனுடைய முதுகின் அழகிற்காகவே, தோட்டம் இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் செய்தார் என்றும் நோர்த் குறிப்பிடுகிறார்.

இந்நிகழ்ச்சிகளைப் படிப்போர் சிரிப்பர். எனினும் அவற்றினுள்ளே ஒரு வேறுபாடு இருக்கிறது. நோர்த் அம்மையார் எழுதத் தெரிந்தவர். தமக்குப் போர்த்திய துணியின் பெயரை எழுதினார். வெயிலின் வெம்மையை எழுதினார். ஓலை குத்தியதையும் எழுதினார். அதே கெமரன், இலங்கையில் தமிழ்த் தொழிலாளரையும் படம் எடுத்தார். அவர் இங்கே எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் நிற்கும் தமிழ்ப் பெண்கள் எதை விரும்பி உடுத்தினர், எது அவர்கள்மேல் போர்த்தப்பட்டது என்பதைச் சொல்ல அவர்களின் எழுத்து ஒன்றும் இல்லை. கெமரன் 1879 சனவரியில் மலைநாட்டில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் கணவரோடு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். அவருடைய கல்லறையைச் சூழ்ந்து இன்றும் தமிழ்த் தொழிலாளரின் தேயிலை மலைகளே நிற்கின்றன.

கெமரன் கலைக்காகப் படம் எடுத்தார். வணிகத்திற்காக எடுத்தோர் வேறு. கொழும்பிலே ஸ்கீன் நிறுவனம் 1860களிலும், கண்டியிலே ஸ்கோவன் நிறுவனம் 1870களிலும், கொழும்பிலே பிளாட்டே நிறுவனம் 1890இலிருந்தும் தொழில் நடத்தின. கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் புகையிரதம் வந்தது. அதன்பின் வெளிநாட்டுப் பயணிகள் பெருகினர். அவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்லப் படங்கள் கேட்டனர். பின்னர்த் தபாலட்டைகள் கேட்டனர். தோட்டங்களில் கோப்பிச் செடியை நோய் அழித்தது. மாத்தளைப் பகுதியில் கொக்கோவும் பின்னர் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. பயிர் மாறியபோதும், தபாலட்டையில் நின்ற பெண்ணின் கோலம் மாறவில்லை. இடுப்பில் குடம், கழுத்தில் நகை, பின்னால் வரைந்த திரை. கீழே அவள் பெயர் இராது. தமிழ்ப் பெண் என்று மட்டும் இருக்கும்.

இத்தகைய படங்களை வரலாற்றாசிரியர் சான்றாகக் கொள்ளும்போது விழிப்பாய் இருத்தல் வேண்டும். காதில் தொங்கும் பொன் அவளுடைய சேமிப்பாக இருக்கலாம். படமெடுக்கும் நாளுக்காக எவரேனும் கொடுத்ததாகவும் இருக்கலாம். ஒரே மாலை இரு வேறு பெண்களின் கழுத்தில் காணப்பட்டால், அது நிலையத்துப் பெட்டியிலிருந்து வந்தது என்று ஐயுறலாம். சேலையின் கட்டு அவள் ஊர்க் கட்டா, படம் எடுப்பவரின் விருப்பமா என்றும் கேட்க வேண்டும். பேரர்கள் தம் முன்னோரின் உடை இதுவே என்று நம்பி மேடையிலும் திருவிழாவிலும் அதையே உடுத்தும்போது, பெயர் தெரியாத ஓர் உதவியாளரின் கைவேலை மரபாக மாறிவிடுகிறது.

உடுத்தி விடும் கலை மலைநாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும், தோட்டத்து மக்களே தம்மவருக்கு முடி கட்டி, அரிதாரம் பூசி, உடை திருத்தி வந்தனர். அங்கே வேடம் புனைந்தவரை ஊர் அறியும். இரதியாக நின்ற இளைஞன் யாருடைய மகன் என்பதையும், அவனுக்குச் சேலை கொடுத்தவள் எந்த லயத்தைச் சேர்ந்தவள் என்பதையும் கூடியிருந்தோர் அறிவர். கருவியின் முன் நின்றபோதுதான் அந்த அறிமுகம் அற்றுப்போயிற்று.

20ஆம் நூற்றாண்டில் சிறு நகரங்களிலும் படநிலையங்கள் தோன்றின. இலங்கையாயினும் தமிழ்நாடாயினும் அவற்றின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வரைந்த திரை, பூச்சாடி, சாய்வு நாற்காலி, சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா, ஆணியில் தொங்கும் ஒரு கோட்டு. அந்தக் கோட்டு எத்தனையோ பேரின் தோளில் ஏறி இறங்கியிருக்கும். தளர்ந்திருந்தால் முதுகுப்புறம் ஊசி குத்தி இறுக்குவர். முன்புறம் மட்டுமே படத்தில் விழும் அல்லவா? இங்கே உடுத்தியவர், படத்திற்கு நிற்பவரின் விருப்பத்தைக் கேட்டு உடுத்தினார். ஒரு நாளேனும் துரைபோல் தோன்ற விரும்பிய தொழிலாளிக்கு அந்தக் கோட்டு பொய்யென்று தோன்றவில்லை. தனக்கும் உரியது என்று தோன்றிற்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுப் படநிலையங்களின் பழைய படங்களைத் தேடிப் பிரதி எடுத்துப் பாதுகாத்துள்ளது. இலங்கையின் மலைநாட்டுச் சிறு நகரங்களுக்கும் அத்தகைய முயற்சி வேண்டும்.

மேலைநாட்டில் இத்தொழில் வேறு வழியில் வளர்ந்தது. 1911இல் எட்வர்ட் ஸ்டைக்கன், பாரிஸ் நகரத்து ஆடைக் கலைஞர் போல் புவாரேயின் ஆடைகளைப் படம் எடுத்தார். ஆடையின் அழகைக் கலையாகக் காட்டிய முதற்படங்கள் எனப் பலர் அவற்றைக் குறிப்பிடுவர். சில ஆண்டுகளில் வோக் சஞ்சிகை டி மேயர் பிரபுவைத் தன் படக்கலைஞராக அமர்த்தியது. சஞ்சிகைகள் பெருகவே, வேலையும் பிரிந்தது. ஆடை தெரிபவர் ஒருவர், முகம் தீட்டுபவர் ஒருவர், கூந்தல் திருத்துபவர் ஒருவர், இவர்களுக்கெல்லாம் ஓடியாடுவோர் சிலர் என்றாயிற்று.

உதவியாளரின் நாள் விடியுமுன் தொடங்கும். கடைகளிலிருந்து இரவல் வாங்கிய ஆடைகளை எண்ணிப் பட்டியல் எழுதுவார். நீராவி கொண்டு சுருக்கம் நீக்குவார். திருப்பிக் கொடுக்க வேண்டிய சப்பாத்தின் அடியில் அழுக்குப் படாதவாறு ஒட்டுத்தாள் ஒட்டுவார். உடை தளர்ந்தால் பின்புறம் கவ்வி கொண்டு பிடிப்பார். கருவி சொடுக்கும் கணத்திற்கு முன்பு ஓடிச்சென்று ஒரு மடிப்பை நீவிவிட்டு, சட்டத்திற்கு வெளியே விலகுவார். மாலையில் மீண்டும் எண்ணுவார். ஓர் ஊசி குறைந்தாலும் அவரையே கேட்பர். படம் சிறந்தால் அவர் பெயர் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. ஆயினும் துணியின் இயல்பையும் ஒளியின் இயல்பையும் உடலின் இயல்பையும் ஒருங்கே கற்கும் பள்ளி இதைவிட வேறில்லை.

துணியை நெய்தும் தீட்டியும் கொடுப்போரையும் இவ்விடத்தில் மறத்தல் ஆகாது. பலாபத்வலவுக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் அதற்கு ஒரு சான்று இருக்கிறது. இலங்கையர் வகித்த முதற் பொலிஸ் மாஅதிபர் பதவிக்குரியவரான சேர் ரிச்சர்ட் அலுவிகாரேயின் மகள் ஏனா டி சில்வா 1922இல் பிறந்தார். 1960களில் கொழும்பிலே, ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் தம் மகனும் துணைநிற்க, பத்திக் துணிக்கு இலங்கையில் புதுவாழ்வு கொடுத்தார். மெழுகால் கோலம் எழுதி, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி, மீண்டும் எழுதித் தோய்த்து நிறத்தின்மேல் நிறம் சேர்க்கும் கலை பத்திக். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெந்தோட்டை விடுதிக் கூரையிலும், 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றக் கட்டடத்திலும் அவருடைய பத்திக் வேலைகள் இடம்பெற்றன. பின்னர் அவர் தம் பூர்வீக ஊரான அலுவிகாரைக்கே திரும்பி, கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் பூத்தையலும் செய்யும் நிலையத்தை நடத்தினார். 2015இல் மறைந்தார். தலைவியின் பெயரை உலகம் அறிந்தது. மெழுகு உருக்கிய கைகளும் நூல் கோத்த கைகளும் பல. அக்கைகளுக்கு ஊதியமும் மதிப்பும் கிடைக்க வழிசெய்தமையே அவர் செய்த தொண்டுகளில் நிலைத்தது எனலாம்.

ஆகவே ஒரு படம் பலருடைய உழைப்பால் உண்டாவது. நின்றவர், எடுத்தவர், உடுத்தியவர், துணி செய்தவர் ஆகிய நால்வருக்கும் அதில் பங்கு உண்டு. வரலாறு இதுகாறும் எடுத்தவரின் பெயரை மட்டுமே பெரும்பாலும் காத்துவந்தது. எஞ்சியோரின் பெயரைக் காப்பது பெரிய காரியமன்று. வீட்டில் பழைய படம் இருப்பின், அதில் நிற்போர் யார், சேலை யாருடையது, நகை சொந்தமா இரவலா, எந்த ஊரில் எந்த ஆண்டில் எடுத்தது என்பவற்றை, முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவைத்தல் போதும். மாத்தளை வீதியில் நடந்துவந்த மக்களின் பிள்ளைகள், தபாலட்டையின் கீழே விடுபட்ட பெயர்களை அவ்வாறே மீட்டல் கூடும்.