மகப்பேறு விடுப்பு: 60 நாளிலிருந்து 98 நாள் வரை

மகப்பேறு விடுப்பு எத்தனை நாள் என்று கேட்டால் மாணவர்கள் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். வரலாற்றுக் கட்டுரைக்கு அது போதாது. எத்தனை நாள், யாருக்கு, சம்பளம் யார் தருவது என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

1919இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு 12 வார விடுப்பை வகுத்தது. ஆனால், அது தொழிற்சாலை, வணிக நிலையப் பெண்களுக்குத்தான். விவசாயத் தொழிலாளிகள் அதில் இல்லை. அதாவது, பேராக்கில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

தோட்டத்தில் நாள்கூலி, வேலைக்குப் போனால்தான் காசு. விடியுமுன் பெரட்டு, பிறகு வெட்டு, பால் வாளி சுமப்பது. வயிற்றில் பிள்ளையோடும் இதே வேலைதான். பிரசவமான பின் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினால் தாயின் உடம்பு தேறாது; ஆயாக்கொட்டகையில் விட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலும் தடைபடும். ஆக, சம்பளம் இல்லாத விடுப்பை ஏழைத்தாய் எடுக்கவே முடியாது. இதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் விடுப்பும் படித்தொகையும் தந்தது. ஆனால், ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் அடுத்த பேற்றுக்குப் படித்தொகை இல்லை. பிள்ளைகள் நிறைந்த லயத்து வீடுகளுக்கு இது சின்ன விஷயமா?

இந்தியா 1961இல் 12 வாரம் கொடுத்து, 2017இல் அதை 26 வாரமாக்கியது. அங்கேயும் ஒரு வரம்பு உண்டு: இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம் மட்டுமே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 26 வாரம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் 98 நாள், அதாவது 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2000இல் வகுத்த குறைந்தபட்ச அளவும் அதுவே.

இங்கே அந்தப் பணத்தை முதலாளிதான் கொடுக்க வேண்டும். சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து கொடுக்கும் நாடுகளும் உண்டு. செலவு முழுவதும் ஒரே முதலாளி தலையில் விழுந்தால், இளம்பெண்களை வேலைக்கு எடுக்கச் சிலர் தயங்குவார்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்கோ சட்டத்தின் மகப்பேறு பகுதி இன்றும் பொருந்தாது.

தோட்டங்கள் பல மூடப்பட்டு ஈப்போவுக்கு வந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பாட்டி பிரசவத்துக்குப் பிறகு எத்தனை நாளில் வெட்டுக்குப் போனார் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பதிலை அன்றைய சட்டம் சொன்ன 60 நாளோடு ஒப்பிட்டால் நல்ல கட்டுரைக்குக் கரு கிடைத்துவிடும்.